ஐந்தாம் நம்பர் ஊசி

நம் வயதுக்காரர்கள் கையில் எடுக்கக்கூடாத வேலை ஒன்று உண்டென்றால் அது குரோஷே பின்னல்தான். வெள்ளை நூலில் வெள்ளைக் கண்ணைத் தேடி ஊசியை நுழைக்க வேண்டும்; தேடி முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். நான் இதுவரை ஒரு பொத்தானைக்கூட ஒழுங்காகத் தைத்தவள் இல்லை. இந்த ஆண்டுதான் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அம்மாவுக்குப் பொழுது போகவில்லை என்று என் மகள் நினைக்கிறாள். நினைக்கட்டும். நான் உட்கார்ந்தது ஒரு பழைய வழக்குக்காக. சாட்சி சொன்னவர்கள், தீர்ப்புச் சொன்னவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குற்றம் சுமத்தப்பட்டவர் மட்டும் புக்கிட் பாஞ்சாங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். அவர் என் சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை.

என் மகள் இப்போது மாசமாக இருக்கிறாள். கல்யாணமாகிப் பல ஆண்டுகள் கழித்து, எத்தனையோ ஊசி, மாத்திரை, கண்ணீர் எல்லாம் தாண்டி முப்பத்தெட்டு வயதில் தங்கியிருக்கும் பிள்ளை. பாசிர் ரிஸ்ஸில் என் வீட்டில்தான் வளைகாப்பு. அம்மா இல்லாத வீட்டில் அம்மாவின் இடத்தில் நின்று முதல் வளையல் போட, சித்தியை விட்டால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் சித்தி எந்த வளைகாப்புக்கும் வருவதில்லை. கல்யாணத்துக்கு வருவார், கருமாதிக்கு வருவார், தீபாவளிக்கு முறுக்கு டப்பாவோடு வருவார். மாசமாக இருக்கும் பெண் உள்ள வீட்டு வாசலை மட்டும் மிதிக்கமாட்டார். கேட்டால் முட்டி வலி என்பார். என் வளைகாப்பின்போது அவருக்கு நாற்பது வயதுதான். அப்போதும் முட்டி வலிதான்.

இந்த முட்டி வலி எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். ஏழு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அப்போது நாங்கள் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், கடைவீட்டு மாடியில் இருந்தோம். இன்று அங்கே போனால் கீழே கைப்பேசிக் கடை, மேலே முதுகுப்பை மாட்டிய பிள்ளைகள் தங்கும் விடுதி. சுவருக்கு ஒரு நிறம், சன்னலுக்கு ஒரு நிறம் அடித்து, வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள வசதியாக வைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்கு ஒரே நிறம், புகை நிறம். கீழே மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில் இருந்தது. மாடித் தரை பலகை. பலகைக்குப் பலகை இடைவெளி. மில் ஓட ஆரம்பித்தால் நெடி அந்த இடைவெளி வழியாக ஏறி வரும். சண்டை போடுகிறவர்கள்கூடத் தும்மித் தும்மித்தான் போடுவார்கள்.

சித்திக்கு அப்போது பதினெட்டு வயது. எங்களோடுதான் இருந்தார். வாரத்துக்கு ஒரு நாள் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவரை, அம்மா மாசமானதும் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். வகுப்பில் கூடப் படித்த பெண் ஒருத்தி, போகும்போது ஆங்கிலப் பெண்கள் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்த ஒரு பக்கத்தை நினைவாகக் கொடுத்தாளாம். காப்பித் தட்டில் விரிக்கும் வட்டமான பின்னல் விரிப்பின் படமும், அதைப் பின்னும் முறையும் அதில் இருந்தன. தை பிறந்தால் சித்தியைப் பெண் பார்க்க வருவதாக ஒரு பேச்சு இருந்தது. வருகிறவர்களுக்கு அந்த விரிப்பைப் போட்டுக் காப்பி கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது சித்தியின் திட்டம். அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஏழு வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

நூல் வாங்க என்னையும் கூட்டிப்போனார். சிராங்கூன் சாலையில் மணி, நாடா, சீப்பு எல்லாம் விற்கும் சின்னக் கடை. பத்திரிகைப் பக்கத்தில் இருபதாம் நம்பர் நூலும் மூன்றாம் நம்பர் ஊசியும் வேண்டும் என்று போட்டிருந்தது. கடையில் அந்த நூல் இல்லை, அதைவிடத் தடித்த நூல்தான் இருந்தது. சித்தி அந்தப் பந்தை விரலால் உருட்டிப் பார்த்து யோசித்தார். நூல் தடித்தால் ஊசியும் பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? மூன்றை விட்டுவிட்டு ஐந்தாம் நம்பர் ஊசி கேட்டார். கடைக்காரர் கேட்டதை எடுத்துக் கொடுத்தார். அதுவரை வகுப்பில் டீச்சர் கொடுத்த ஊசியில் பின்னிப் பழகியவர், அதன் நம்பரையெல்லாம் பார்த்ததில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறு ஊசியும் இல்லை.

அந்த ஊசியைத் தொட்ட நினைவு இப்போதும் என் விரலில் இருக்கிறது. எஃகு ஊசி, முனையில் பார்க்கவே முடியாத சின்னக் கொக்கி. நடுவில் கட்டைவிரல் வைக்கத் தட்டையான இடம், அதில் 5 என்று குழிவாகப் பதித்திருக்கும். சித்தி பின்னாத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஐந்தைத் தடவிப் பார்ப்பேன். நூல் பந்தைக் காவல் காப்பது என் வேலை. தரையில் விட்டால் உருண்டோடிப் பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டு மிளகாய்த் தூளோடு வரும். அதனால் காது உடைந்த பீங்கான் கோப்பைக்குள் பந்தைப் போட்டு மடியில் வைத்துக்கொள்வேன். சித்தி நூலை இழுக்க இழுக்கப் பந்து கோப்பைக்குள் தடதடவென்று சுற்றும்.

பின்னல் சரியாக வரவில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஊசி நூலுக்குள் போக மறுத்தது. சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார்; ஆள்காட்டி விரல் நுனி சிவந்து காய்த்துப்போனது. படத்தில் தாமரை இலை போலப் படிந்து கிடந்த வட்டம், சித்தியின் கையில் சுற்றுக்குச் சுற்று ஓரம் உயர்ந்து கிண்ணமாக எழுந்துகொண்டிருந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். எடுத்ததும் மறுபடி எழும்பிக்கொள்ளும். ஒரு நாள் பிரிக்கப் போகிறேன் என்று நூல் முனையைத் தேடி எடுத்தவர், ஏனோ பிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு மேலும் பின்னத் தொடங்கினார். ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிரசவத்துக்குத் துணையாக ஜோகூரிலிருந்து அத்தை வந்து சேர்ந்தார். அப்பாவின் அக்கா. அப்பாவை எடுத்து வளர்த்தவர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக நாலு பேருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் அப்பா, அக்கா முன்னால் உட்காரமாட்டார். அத்தையைக் கெட்டவராக்கி இந்தக் கதையை முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் தன்னுடைய இரண்டு பிள்ளைகளைப் பால் மணம் மாறுவதற்குள் புதைத்தவர். அது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். வந்த அன்றே வீட்டை ஒரு சுற்று சுற்றி, எதெல்லாம் ஆகாதோ அதையெல்லாம் ஒதுக்கினார்.

எங்கள் வீடுகளில் பிறக்காத பிள்ளைக்கு எதுவும் சேர்க்கக்கூடாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டில் வாங்கக்கூடாது, சட்டை தைக்கக்கூடாது. பிறந்த பிறகும் முதலில் போடுவது வேறொரு பிள்ளை போட்டுப் பழசான துணியைத்தான். ஆசையாக முன்கூட்டியே சேர்த்தால் பிள்ளை தங்காது என்பார்கள். என் மகளோ ஐந்தாம் மாதமே தொட்டில், தள்ளுவண்டி, பால் புட்டி காயவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் கைப்பேசியில் தட்டி வாங்கிவிட்டாள். பெட்டிகள் வந்து இறங்கிய அன்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "மா, அதெல்லாம் ஓல்டு பிலீஃப் லா" என்றாள். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வைக்கச் சொன்னேன்.

அம்மாவுக்கு எட்டாம் மாதத்தில் கால் வீங்கியது. முதலில் செருப்பு நுழையவில்லை. பிறகு மெட்டி இறுகியது, சோப்புப் போட்டுக் கழற்றினார்கள். அம்மா உள்ளறையில் காலை நீட்டிப் படுத்திருப்பார். நான் கணுக்கால் பக்கம் விரலால் அழுத்துவேன், குழி விழும். விரலை எடுத்தால் குழி மெதுவாக நிரம்பி மேலே வரும். அது எனக்கு விளையாட்டு. வரிசையாகக் குழி போட்டு, எது முதலில் நிரம்புகிறது என்று பார்ப்பேன். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். தலை பிளக்கிறது, கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்று மட்டும் முனகுவார். அத்தை, கால் வீங்கினால் ஆண் பிள்ளை என்றார். வீக்கம் கூடினால் உடனே வரச் சொல்லி மருத்துவமனைத் தாதி சொல்லியிருந்தார். அமாவாசை கழியட்டும் என்று அத்தை தள்ளிப்போட்டார். அப்பா அக்காவைப் பார்த்தார், அக்கா சரி என்றதும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த அமாவாசை வாரத்தில்தான் அத்தை பீங்கான் கோப்பையைப் பார்த்துவிட்டார்.

பகல் நேரம். அப்பா சாப்பிட வந்திருந்தார். அத்தை கோப்பையில் பந்தோடு கிடந்த பின்னலை வெளியே எடுத்து, தன் மூடிய கைமேல் மாட்டினார். அது பச்சைப் பிள்ளையின் குல்லா போலக் கச்சிதமாகப் பொருந்தி நின்றது. இது யாருக்கு என்று கேட்டார். சித்தி எழுந்து நின்று, தட்டு விரிப்பு என்றார். சொல்லிவிட்டுப் பத்திரிகைப் பக்கத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இதுல தட்டு விரிப்புன்னுதான்க்கா போட்டிருக்கு" என்றார்.

"பேப்பர்ல என்ன வேணா போட்டிருக்கும் தம்பி. இது கையில நிக்குது பாரு. எந்த ஊர்ல தட்டு இப்படி உருண்டையா இருக்கு?" என்றார் அத்தை.

அப்பா மறுபடியும் பக்கத்தைப் பார்த்தார், அத்தையின் கையைப் பார்த்தார். பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். அவ்வளவுதான் விசாரணை. அத்தை அதைக் கொண்டுபோய்க் கரியடுப்பில் போட்டார். பருத்தி நூல் எரிகிற வாடை மிளகாய் நெடியைவிட மோசமானது. ஊசி பின்சந்துச் சாக்கடைக்குள் போனது. அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. உள்ளறையிலிருந்து அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அமாவாசை கழிந்து இரண்டொரு நாளில் அம்மாவுக்கு வலிப்பு வந்தது. கீழே மில்லில் வேலை செய்தவர்கள்தான் தூக்கிக்கொண்டு வாடகைக் காருக்கு ஓடினார்கள். அம்மா பிழைத்தார். பிள்ளை, தம்பி, இறந்தே பிறந்தான்.

அம்மா திரும்பி வந்த நாளன்று வீடு மல்லிகையாக மணத்தது. கூடை நிறைய மல்லிகைச் சரம் வாங்கி வந்திருந்தார்கள். அம்மாவுக்குப் பூ வைத்து அலங்கரிக்கப் போகிறார்கள் என்று நினைத்து நான் உள்ளே ஓடினேன். அத்தை அந்தச் சரங்களை அம்மாவின் மார்பின்மேல் அடுக்கி, வேட்டித் துணியால் இறுகக் கட்டிக்கொண்டிருந்தார். பால் வற்றுவதற்கு. அம்மா சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பூ வாடி, பாலோடு கலந்து புளித்து, அந்த வாடை நாள்கணக்கில் உள்ளறையை விட்டுப் போகவில்லை. இன்றும் தேக்கா பக்கம் பூக்கடைகளைக் கடக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். என் கல்யாணத்தில் தலைக்கு மல்லிகை வேண்டாம் என்றதற்கு எல்லாரும் என்னை நாகரிகக்காரி என்று கிண்டல் செய்தார்கள்.

சித்தி கஞ்சி கொண்டுபோய் வைத்தால் அம்மா தொடமாட்டார். அதே கஞ்சியை அத்தை கொண்டுபோனால் குடிப்பார். துக்கம் கேட்க வந்த பெண்கள் முன்னால் ஒரு நாள் அத்தை சத்தம் போடாமல், சாதாரணமாகத்தான் சித்தியிடம் சொன்னார்: "இனிமே மாசமா இருக்குற பொண்ணுங்க பக்கம் நீ போகாத. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." சித்தி சரிங்க்கா என்றார். தையில் பெண் பார்க்க யாரும் வரவில்லை. வேறு எங்கோ பேசி, புக்கிட் பாஞ்சாங் பக்கம் கல் குவாரியில் லாரி ஓட்டுபவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அன்று அது தீவின் மறுகோடி. நல்ல மனிதர். இரண்டு மகன்கள். சித்தி அவர்களைச் சுமந்து வாயும் வயிறுமாக இருந்தபோதும் சரி, பிறகும் சரி, வீட்டில் ஊசியோ நூலோ வைத்துக்கொண்டதில்லை. கிழிந்த துணியைக்கூடப் பக்கத்து வீட்டில் கொடுத்துத்தான் தைப்பாராம்.

நான் வளர்ந்தேன், படித்தேன், வேலைக்குப் போனேன். மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசச் சொன்னால் நன்றாகவே பேசுவேன். ஆனாலும் எனக்குள் ஒன்று மட்டும் தீராமல் கிடந்தது. பேப்பரில் தட்டு விரிப்பு என்று இருந்தது. அது எனக்குத் தெரியும். கையில் இருந்தது குல்லா. அதையும் என் கண்ணால் பார்த்தேன். சித்தி பொய் சொன்னாரா இல்லையா? பல வருஷம் கழித்து அம்மாவிடம் ஒரு முறை கேட்டேன். "அவ தட்டு விரிப்புன்னு சொன்னா. நா நம்பல" என்றார் அம்மா. அதோடு பேச்சை மாற்றிவிட்டார். சாகும்வரை அவர் தங்கையை எந்த நல்ல காரியத்துக்கும் தானாக அழைத்ததில்லை.

பத்திரிகைப் பக்கம் அப்பாவின் பெட்டியில் கிடைத்தது. அப்பா போன பிறகு சட்டைகளை ஒழித்தபோது, நாலாக மடித்தது மடித்தபடியே அடியில் கிடந்தது. மடிப்புகளில் எழுத்து உதிர்ந்திருந்தது. அதை ஏன் அவர் வைத்திருந்தார் என்று நான் ஊகிக்கத்தான் முடியும். அன்று வாயைத் திறந்து இன்னொரு வாக்கியம் சொல்லியிருக்கலாம் என்று அவருக்கும் தோன்றியிருக்கும். தோன்றி என்ன? நான் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிட்டு மறந்துவிட்டேன். மகள் மாசமானதும், சித்தி மறுபடி முட்டி வலி என்றதும்தான் வெளியே எடுத்தேன். இதன்படி பின்னிப் பார்ப்போம், தட்டையாக வருகிறதா, கவிழ்கிறதா என்று தெரிந்துவிடும்.

சொல்வது சுலபம். அந்த முறையைப் படிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லாம் சுருக்கிப் போட்ட மொட்டை எழுத்துகள். காணொளியில் பின்னக் கற்றுத் தருகிற பெண் ஒரு பின்னலுக்கு ஒரு பெயர் சொல்கிறாள். அது அமெரிக்கப் பெயராம், என்னிடம் உள்ள பத்திரிகைப் பக்கத்தில் இருப்பது இங்கிலாந்துப் பெயராம். அதைச் சரிசெய்துகொண்டு, மூன்றாம் நம்பர் ஊசிக்கு 3 என்று போட்ட, ரப்பர் பிடி வைத்த ஊசியையும், கைக்குக் கிடைத்த மெத்தென்ற நூலையும் வாங்கி வந்து பின்னினேன். வந்தது மீன் வலை. தட்டும் இல்லை, குல்லாவும் இல்லை. கண்ணுக்குக் கண் விரல் நுழைந்தது.

அந்த ஊசியும் நூலும் வாங்கிய சைனாடவுன் கடைக்கே மறுபடி போனேன். கடைக்காரச் சீனப் பெண்மணிக்கும் என் வயதுதான் இருக்கும். பக்கத்தை வாங்கிப் பார்த்தவர், இப்போதுள்ள ஊசிகளில் போட்டிருப்பது மில்லிமீட்டர், நம்பர் கூடினால் ஊசி தடிக்கும், இந்தப் பழைய நம்பர் அப்படி இல்லை, கூடக்கூட ஊசி மெலியும் என்று எங்கள் ஊர் ஆங்கிலமான சிங்லிஷில் விளக்கினார். நூலுக்கும் அதே கதைதான். உங்கள் மூன்றாம் நம்பர் என்றால் இப்போது ஒன்றேகால் மில்லிமீட்டர் என்று எடுத்துக் கொடுத்தார்.

 என் கட்டைவிரலின் கீழே அந்த ஐந்து தட்டுப்பட்டது. தடித்த நூலுக்குப் பெரிய ஊசி வேண்டும் என்று யோசித்து, மூன்றிலிருந்து ஐந்துக்குப் போன சித்தி, இன்னும் மெலிந்த ஊசியை அல்லவா வாங்கி வந்திருக்கிறார். கடைக்காரப் பெண்மணியிடம், தடித்த நூலை ரொம்ப மெல்லிய ஊசியில் பின்னினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

இரண்டையும் வாங்கினேன். இருபதாம் நம்பர் நூலும் சரியான ஊசியும். தடித்த நூலும், பழைய ஐந்தாம் நம்பருக்குச் சமமான முக்கால் மில்லிமீட்டர் ஊசியும். முதலாவது, கோணல்மாணலாக இருந்தாலும், மேசையில் வைத்தால் தட்டையாகப் படிந்தது. இரண்டாவதைப் பின்ன நான் பட்ட பாடு சொல்லி மாளாது. மணிக்கட்டில் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு இழுத்தேன். சில சுற்றிலேயே ஓரம் எழும்பியது. ஒரு மாலை அது என் கையில் முழுதாகக் கவிழ்ந்து நின்றபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சித்தி பொய் சொல்லவில்லை. நம்பர் தெரியாமல் செய்த பிழை, அவ்வளவுதான். அப்போது மகள் அறைக்குள் வந்தாள். நான் அதைச் சட்டென்று தலையணைக்கு அடியில் ஒளித்தேன். எதற்கு ஒளித்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் மகளோடு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே தாதி கேட்டாள்: கால் வீங்குகிறதா? தலைவலி உண்டா? கண் முன்னால் ஏதாவது பளிச்சிடுகிறதா? வாடிக்கையான கேள்விகள். மகள் கைப்பேசியைப் பார்த்தபடியே இல்லை, இல்லை என்றாள். எனக்கு அம்மாவின் கால் கண் முன்னால் வந்தது. அந்தக் குழிகளை நான் மறந்ததே இல்லை, ஆனால் அவற்றை அதுவரை ஒரு விளையாட்டாகத்தான் நினைவில் வைத்திருந்தேன். தம்பியைக் கொன்றது எதுவென்று அம்மாவின் காலிலேயே எழுதியிருந்தது. வீடு முழுக்கப் பெரியவர்கள் இருந்தும், எல்லாரும் ஒரு நூல் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து கழிவறையில் நின்று அழுதேன்.

இவ்வளவையும் எடுத்துக்கொண்டுதான் போன புதன்கிழமை புக்கிட் பாஞ்சாங்குக்குப் போனேன். பாசிர் ரிஸ்ஸிலிருந்து அது ஒரு யாத்திரை. எம்ஆர்டி ரயில் மாறி, எல்ஆர்டி குட்டி ரயில் ஏறி, வளைந்து வளைந்து போய்ச் சேர வேண்டும். பையில் தட்டையானதும் இருந்தது, கவிழ்ந்ததும் இருந்தது. வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். சித்தி அழுவார், நானும் அழுவேன், பிறகு வளைகாப்புக்கு என்ன புடவை கட்டுவது என்று பேசுவோம் என்று நினைத்திருந்தேன்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். சித்தி சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டையும் மேசைமேல் வைத்து, ஊசிக் கதை, நூல் கதை, நம்பர் கதை எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரப் பெண்மணி கை குவித்துக் காட்டியதையும் காட்டினேன். சித்தி தட்டையானதை விரலால் நீவினார்.

"இப்படித்தான் வரணுமா?" என்றார். "நல்லாருக்கு."

"நீங்க பொய் சொல்லல சித்தி. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. ஊசிதான் தப்பு."

சித்தி கவிழ்ந்ததை எடுத்தார். அத்தை செய்ததைப் போலவே, தன் மூடிய கைமேல் மாட்டினார். 

"தட்டுக்குன்னுதான் பாப்பா ஆரம்பிச்சேன்" என்றார். எனக்குப் பேரப்பிள்ளை வரப்போகிறது, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். "அது கவுந்துகிட்டே வந்துச்சு. பிரிச்சிரலாம்னு உக்காந்தேன். சும்மா கையில மாட்டிப் பாத்தேன். புள்ள தல மாதிரி இருந்துச்சு. சரி, நம்ம அக்கா புள்ளைக்கே இருக்கட்டும்னு நெனச்சிட்டேன். அதுக்கப்புறம் பின்னுனதெல்லாம் குல்லான்னு நெனச்சுத்தான் பின்னுனேன். ஒங்கத்தை பாத்தப்ப அது குல்லாதான். அவங்க சரியாத்தான் சொன்னாங்க. நாந்தான் பயத்துல மாத்திச் சொன்னேன்."

 நான் அவசர அவசரமாகப் பேசினேன். அம்மாவின் கால் வீக்கத்தைச் சொன்னேன், தலைவலியைச் சொன்னேன், தாதி கேட்ட கேள்விகளைச் சொன்னேன். அது இரத்த அழுத்தம், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருந்தால் தம்பி இருந்திருப்பான், குல்லாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன். என் குரல் ஏறிவிட்டது.

"தெரியும்மா. டிவில எல்லாம் சொல்றாங்க. டாக்டர்கூட ஒருவாட்டி சொன்னாரு" என்றார் சித்தி. "ஆனா நா ஆசப்பட்டேன்ல. மனசுக்குள்ள அவனுக்கு அதப் போட்டுப் பாத்துட்டேன். அது எனக்குத்தானே தெரியும்."

வளைகாப்புக்கு வரச் சொல்லி அதற்குப் பிறகும் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவள் நல்லபடியாகப் பெற்றெடுத்து வரட்டும், அப்புறம் நானே வந்து தூக்குகிறேன் என்றார். முட்டி வலியைச் சொல்லவில்லை.

நான் கிளம்புவதற்காகப் பின்னல்களைப் பைக்குள் எடுத்து வைத்தேன். தட்டையானதை மட்டும் அவர் கேட்டு வாங்கித் தன் தண்ணீர்க் குவளைக்கு அடியில் விரித்துக்கொண்டார். மற்றதை என் பையிலிருந்து அவரே வெளியே எடுத்தார்.

"அந்தப் புள்ள இருக்குற வீட்டுக்கு இதக் கொண்டுபோகாத" என்றார்.

நூல் முனையைத் தேடினார். கண் தெரியவில்லை, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி இழுத்தார். சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. அவிழ்ந்த நூல் சுருள் சுருளாக அவர் மடியில் விழ, பழைய பழக்கம்போல நான் எதிரில் உட்கார்ந்து அதைப் பந்தாகச் சுற்றினேன். படித்தவள், பேசத் தெரிந்தவள், இதெல்லாம் ஒன்றுமில்லை என்று நிரூபிக்க இவ்வளவு தூரம் வந்தவள். போதும் சித்தி, விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓரம் போனது, கிண்ணம் போனது, நடுவில் முதன்முதலாகப் போட்ட சின்ன வளையம் மட்டும் மிஞ்சியது. அதையும் அவர் இழுத்தார்.

அது அவிழ்ந்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்தது. மகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அன்று வந்த அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.